குறுந்தலைத் தவளைக் குடும்பம்

குறுந்தலைத் தவளைக் குடும்பம் அல்லது பிராக்கிசெபாலிடே என்பது தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் அட்லாண்டிக் காடுகளில் வாழும் சிறு தவளைகளைக் கொண்ட ஓர் உயிரியல் குடும்பம் ஆகும். இக்குடும்பத்தில் பிராக்கிசெபாலசு, இசுக்னோக்னீமா என்னும் இரண்டு பேரினங்கள் உள்ளன. இவ்விரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 80 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பிராக்கிசெபாலசு பேரினத்தைச் சேர்ந்த தவளைகள் மிகச் சிறியவை. அவற்றுள் பெரும்பாலானவை முழு வளர்ச்சி பெற்ற பின்னரும் 2 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை. உலகிலேயே மிகச் சிறிய தவளை இப்பேரினத்தைச் சேர்ந்ததே ஆகும்.

இத்தவளைகள் நீர்நிலைகளை நாடுவதில்லை. முகில் தவழும் மலைக்காடுகளின் ஈரமான இலைச்சருகுகளுக்கு இடையே இவற்றின் வாழ்நாள் முழுவதும் கழிகின்றது. பல இனங்கள் ஒரே ஒரு மலையிலோ, அருகருகே உள்ள ஓரிரு மலைகளிலோ மட்டும் காணப்படுகின்றன. அதனால் ஒரு மலைமுடியின் காடு அழிந்தால் ஓர் இனமே உலகிலிருந்து மறைந்துவிடக்கூடும்.

உயிரியல் வகைப்பாடு

திணை: விலங்குகள்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: நீர்நில வாழ்வன
வரிசை: தவளைகள் (வாலிலிகள்)
குடும்பம்: பிராக்கிசெபாலிடே (குந்தர், 1858)
பேரினங்கள்: பிராக்கிசெபாலசு (பிட்சிங்கர், 1826), இசுக்னோக்னீமா (ரைன்ஃகார்ட், லுயிட்கென், 1862)

பெயர்க் காரணம்

பிராக்கிசெபாலசு என்னும் பெயர் கிரேக்க மொழியில் "குறுகிய", "தலை" என்னும் பொருள் தரும் இரு சொற்களிலிருந்து அமைந்தது. இதன் அடிப்படையிலேயே தமிழில் குறுந்தலைத் தவளை எனலாம். இசுக்னோக்னீமா என்பதற்கு "மெலிந்த கணைக்கால்" என்பது பொருள்.

பிரேசில் நாட்டு மக்கள் பொன்னிறமான பிராக்கிசெபாலசு தவளைகளைப் போர்த்துக்கீச மொழியில் "சாப்பு பிங்கு தி ஓரு" என்று அழைக்கின்றனர். இதற்குப் "பொன்துளித் தேரை" என்பது பொருள். சருகுக்கு நடுவே சிந்திய பொன்துளி போல் தெரிவதால் இப்பெயர் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் இவை பூசணித் தேரைகள் எனப்படுகின்றன. மிகச் சிறியனவும் பழுப்பு நிறம் கொண்டனவுமான இனங்கள் தெள்ளுத் தேரைகள் எனப்படும். தெள்ளுப்பூச்சி அளவே இருப்பதாகக் கருதி இவ்வாறு பெயரிடப்பட்டது. தேரை என்று அழைக்கப்பட்டாலும் உண்மையான தேரைகளின் குடும்பமாகிய பூபோனிடேவுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு இல்லை. தத்திச் செல்லாமல் மெல்ல நடந்து செல்வதாலேயே இப்பெயர் நிலைத்தது.

ஆய்வு வரலாறு

இக்குடும்பத்தில் முதன்முதலில் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பொன்துளித் தேரை பிராக்கிசெபாலசு எபிப்பியம் ஆகும். செருமானிய இயற்கையியலாளர் யோகான் பாப்டிசுட்டு வான் சுபிக்சு, தாவரவியலாளர் மார்த்தியசுடன் இணைந்து 1817 முதல் 1820 வரை பிரேசிலில் பயணம் செய்தார். அப்பயணத்தில் திரட்டிய தவளைகளையும் ஆமைகளையும் பற்றி அவர் 1824 இல் வெளியிட்ட நூலில் இத்தவளை விவரிக்கப்பட்டது. அவர் இதனைத் தேரை எனக் கருதி பூபோ பேரினத்தில் வைத்தார். இதன் முதுகில் உள்ள எலும்புத் தகடு குதிரைச் சேணத்தை ஒத்திருந்ததால் சேணம் எனப் பொருள்படும் எபிப்பியம் என்ற பெயரைச் சூட்டினார். 1826 இல் ஆசுத்திரிய விலங்கியலாளர் பிட்சிங்கர் இதற்கெனத் தனிப் பேரினத்தை நிறுவினார். 1858 இல் குந்தர் இதனைத் தனிக் குடும்பமாக்கினார்.

இதற்குப் பின்னர் நெடுங்காலம் இப்பேரினத்தில் ஒரு சில இனங்களே அறியப்பட்டிருந்தன. 1971 இல் பிரேசில் விலங்கியலாளர் எயுசேனியோ இசெக்சோன் ரியோ டி செனீரோ மாநிலத்தில் மிகச் சிறிய தவளை ஒன்றைக் கண்டறிந்து, அதனைச் சைலோஃப்ரைன் என்னும் புதிய பேரினத்தில் வைத்தார். 2002 இல் இப்பேரினம் பிராக்கிசெபாலசுடன் இணைக்கப்பட்டது. அத்தவளை இன்று பிராக்கிசெபாலசு டைடாக்டைலசு எனப்படுகின்றது.

1998 இற்குப் பின்னர் நிலைமை பெரிதும் மாறியது. மலையேறுவதற்குக் கடினமான சிகரங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கியதும் புதிய இனங்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 2015 இல் வெளியான ஒரே ஆய்வுக் கட்டுரையில் தென் பிரேசிலைச் சேர்ந்த ஏழு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. இன்று பிராக்கிசெபாலசு பேரினத்தில் மட்டும் 40 இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை கடந்த 30 ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டவை.

குடும்பத்தின் எல்லையும் பலமுறை மாற்றப்பட்டுள்ளது. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2006 இல், முட்டையிலிருந்து நேரடியாகத் தவளையாக வெளிவரும் அமெரிக்கத் தவளைகள் நூற்றுக்கணக்கானவை இக்குடும்பத்துள் சேர்க்கப்பட்டன. 2008 இல் அவை மீண்டும் பிரிக்கப்பட்டு, பிராக்கிசெபாலசு, இசுக்னோக்னீமா ஆகிய இரண்டு பேரினங்கள் மட்டும் இக்குடும்பத்தில் நிறுத்தப்பட்டன. இவ்வகைப்பாடே இன்றளவும் பின்பற்றப்படுகின்றது.

வாழிடமும் பரவலும்

பிராக்கிசெபாலசு பேரினம் பிரேசிலுக்கு மட்டுமே உரியது. வடக்கே பாகியா மாநிலம் முதல் தெற்கே சாண்டா கத்தரினா மாநிலம் வரை இது பரவியுள்ளது. இசுக்னோக்னீமா பேரினமும் பெரும்பாலும் அட்லாண்டிக் காடுகளைச் சார்ந்ததே. எனினும் அதன் தவளைகள் சில அர்கெந்தீனாவின் மிசியோனெசு மாநிலத்திலும் காணப்படுகின்றன.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று, கரையை ஒட்டிச் சுவர் போல் எழும் செர்ரா தொ மார் மலைத்தொடரில் மோதி மேலெழுகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்வதால் அதிலுள்ள நீராவி முகிலாகத் திரள்கின்றது. இம்முகில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் மலைச்சரிவுகளையும் முடிகளையும் மூடிக்கொண்டிருக்கும். மழை பெய்யாத நாளிலும் இலைகளிலும் பாசிகளிலும் முகில்நீர் படிந்து சொட்டும். இத்தகைய காடு முகிற்காடு எனப்படும். இங்கு மரங்கள் உயரம் குறைந்தும், கிளைகள் முழுவதும் பாசியும் தொற்றுச்செடிகளும் படர்ந்தும் காணப்படும். தரையில் சருகு தடித்த மெத்தை போல் படிந்து, எப்பொழுதும் ஈரமாக இருக்கும். குறுந்தலைத் தவளைகளுக்கு இச்சருகுப் படலமே குளமும் காடும் ஆகும்.

எல்லா இனங்களும் மலைமுடிகளில் மட்டுமே வாழ்வன அல்ல. தெள்ளுத் தேரைகளில் சில, கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலக் காடுகளிலும் உள்ளன. ஆனால் ஒளிரும் நிறம் கொண்ட இனங்களில் பெரும்பாலானவை குளிர்ந்த உயர்நிலக் காடுகளையே சார்ந்துள்ளன.

உருச்சிறுத்தலும் உடலமைப்பும்

ஒரு விலங்குக் கால்வழி பல தலைமுறைகளில் மிகச் சிறிய உருவத்தை அடைவது உருச்சிறுத்தல் எனப்படும். பிராக்கிசெபாலசு தவளைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். பி. எபிப்பியம் ஏறத்தாழ 12 முதல் 20 மி.மீ. நீளமுடையது. பாகியா மாநிலத்தின் செர்ரா பொனீத்தா மலையில் 2011 இல் கண்டறியப்பட்ட பி. புலெக்சு இதனினும் மிகச் சிறியது. இதன் ஆண்கள் சராசரியாக ஏறத்தாழ 7 மி.மீ. நீளமுடையவை. 2024 இல் வெளியான அளவீடுகளில் முதிர்ந்த ஆண் ஒன்றின் நீளம் 6.45 மி.மீ. மட்டுமே இருந்தது. இது ஒரு நெல்மணியின் நீளத்துக்கு ஒப்பானது. அதற்கு முன்னர் 2012 முதல் மிகச் சிறிய தவளையாகக் கருதப்பட்டது நியூ கினித் தீவைச் சேர்ந்த பீடோஃப்ரைன் அமாவென்சிசு ஆகும். அதன் சராசரி நீளம் 7.7 மி.மீ. ஆகும். பெண்மீனின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் சில ஆழ்கடல் தூண்டில் மீன்களின் ஆண்களைத் தவிர்த்துப் பார்த்தால், தனித்து வாழும் முதுகெலும்பிகளுள் பி. புலெக்சே மிகச் சிறியது எனலாம்.

உருவம் சிறுத்ததால் இவற்றுக்குப் பல நன்மைகள் கிடைத்தன. சருகுகளுக்கு இடையே உள்ள சிறு இடுக்குகளில் புகுந்து வாழ முடிகின்றது. பெரிய தவளைகள் பொருட்படுத்தாத சிற்றுண்ணிகளும் வாற்பூச்சிகளும் இவற்றுக்கு உணவாகின்றன. ஆனால் ஒவ்வொரு நன்மைக்கும் இவை ஒரு விலை கொடுத்துள்ளன. அவற்றைக் கீழே காணலாம்.

ஈரமும் தோலும்

ஒரு விலங்கின் நீளம் பாதியானால் அதன் தோல் பரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. ஆனால் கனவளவு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. அதாவது உடலில் உள்ள நீருடன் ஒப்பிடும்பொழுது நீரை இழக்கும் பரப்பு இரு மடங்காகின்றது. தவளைகளின் தோல் நீரை எளிதில் கசியவிடும் தன்மை கொண்டது. எனவே மிகச் சிறிய தவளை வறண்ட காற்றில் விரைவில் உலர்ந்து இறந்துவிடும். குறுந்தலைத் தவளைகள் ஈரம் மாறாத காடுகளை விட்டு வெளியேற முடியாமைக்கு இது முதன்மையான காரணம் ஆகும்.

விரல்களும் எலும்புகளும்

பெரும்பாலான தவளைகளுக்கு முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் ஐந்து விரல்களும் இருக்கும். பிராக்கிசெபாலசு தவளைகளில் இவை குறைந்துள்ளன. பி. எபிப்பியத்தின் பின்காலில் மூன்று விரல்களே பயன்படும் நிலையில் உள்ளன. டைடாக்டைலசு என்னும் இனப்பெயரின் பொருளே "இரு விரல் கொண்டது" என்பதாகும். இதற்கு மாறாக, வேறு சில எலும்புகள் மிகுதியாக வளர்ந்துள்ளன. பி. எபிப்பியம் உள்ளிட்ட சில இனங்களில் தலையோட்டின் மீதும் முதுகெலும்பின் மீதும் தடித்த எலும்புத் தகடுகள் தோலை ஒட்டி அமைந்துள்ளன.

தாவலும் நிலைதடுமாற்றமும்

முதுகெலும்பிகளின் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்பொழுது இக்குழல்களில் உள்ள நீர்மம் நகர்ந்து, உடல் எப்பக்கம் சுழல்கின்றது என்பதை மூளைக்கு உணர்த்துகின்றது. குழல் மிகவும் குறுகியதாக இருந்தால் நீர்மம் எளிதில் நகராது. 2022 இல் அமெரிக்க, பிரேசில் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்களின் உட்செவியை ஊடுகதிர்ப் படங்கள் மூலம் அளந்தனர். பிராக்கிசெபாலசு தவளைகளின் அரைவட்டக் குழல்கள், முதிர்ந்த முதுகெலும்பிகளில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகச் சிறியவை என்பது இதனால் தெரியவந்தது.

இதன் விளைவை இத்தவளைகள் தாவும்பொழுது காணலாம். தரையிலிருந்து எழும்புவதில் இவற்றுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் காற்றில் இருக்கும்பொழுது உடல் சுழல்வதை இவற்றால் உணர்ந்து திருத்திக்கொள்ள முடிவதில்லை. அதனால் வயிறு மேலாகவோ பக்கவாட்டிலோ உருண்டு விழுகின்றன. எடை மிகக் குறைவு என்பதால் இவ்வாறு விழுவதால் பெரும் காயம் ஏற்படுவதில்லை. பெரும்பாலான நேரங்களில் இவை தாவாமல் மெதுவாக நடந்தே செல்கின்றன.

கேளாத பாட்டு

தவளைகளின் ஆண்கள் ஒலியெழுப்பிப் பெண்களை அழைப்பது பொதுவான வழக்கம் ஆகும். பி. எபிப்பியம், பி. பிட்டாங்கா ஆகிய இனங்களின் ஆண்களும் பகல் நேரத்தில் மெல்லிய ரீங்கார ஒலியை எழுப்புகின்றன. ஆனால் இவற்றுக்குச் செவிப்பறையும் நடுச்செவியும் இல்லை. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்விரு இனங்களின் உட்செவியும் தம் ஒலியின் அதிர்வெண்ணை உணரும் திறனற்றது என்று காட்டியது. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டபொழுதும் இத்தவளைகள் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளவில்லை. சுருங்கக் கூறின், இவை தம் இனத்தின் குரலையே கேட்க முடியாதவை.

கேட்க இயலாத ஒலியை ஏன் எழுப்ப வேண்டும் என்னும் கேள்விக்கு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தருகின்றனர். ஒலியெழுப்பும்பொழுது ஆணின் தொண்டைப்பை விம்மித் தணிகின்றது. இவ்வசைவு கண்ணுக்குத் தெரியும் குறிப்பாகப் பயன்படக்கூடும். முன்னோரிடமிருந்து வந்த ஒலி, கேட்கும் திறன் மறைந்த பின்னரும் அவ்வசைவுடன் சேர்ந்து எஞ்சியிருக்கலாம். பி. எபிப்பியத்தின் ஆண்கள் தம் எல்லைக்குள் நுழையும் வேறு ஆண்களைக் கண்டால் முன்காலைத் தூக்கிக் கண்ணெதிரே அசைத்து எச்சரிப்பதும் பதிவாகியுள்ளது. கண்வழிக் குறிப்புகளுக்கு இவை தரும் முதன்மையை இது காட்டுகின்றது.

எலும்பு ஒளிர்தல்

2019 இல் பி. எபிப்பியம், பி. பிட்டாங்கா ஆகியவற்றின் மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தியபொழுது, அவற்றின் தலையும் முதுகும் வெளிர்நீல ஒளி வீசின. தோலுக்கு அடியிலுள்ள எலும்புத் தகடுகளே இவ்வாறு ஒளிர்கின்றன. தகடுகளுக்கு மேலுள்ள தோல் மிகவும் மெல்லியதாகவும் கருநிறமி இல்லாததாகவும் இருப்பதால் ஒளி வெளியே தெரிகின்றது. 2021 இல் விவரிக்கப்பட்ட பி. ரோட்டன்பெர்கேவும் இத்தன்மை கொண்டது. இவ்வொளி தவளைகளுக்குள் அடையாளக் குறியாகப் பயன்படுகின்றதா, அன்றி எலும்பின் இயல்பால் தற்செயலாக ஏற்பட்டதா என்பது ஆய்வாளர்களிடையே முடிவு காணப்படாத வினாவாக உள்ளது.

நச்சும் எச்சரிக்கை நிறமும்

பளிச்சிடும் செம்மஞ்சள், மஞ்சள், சிவப்பு நிறங்கள் பகைவிலங்குகளுக்கு எச்சரிக்கையாக அமைகின்றன. பி. எபிப்பியத்தின் தோலிலும் கல்லீரலிலும் தெத்ரொடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. பேத்தை மீன்களில் காணப்படும் நஞ்சும் இதுவே. இது நரம்புகளில் சோடியம் செல்லும் வழிகளை அடைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்கின்றது. பி. பெர்னிக்சு, பி. நோடோதெர்கா ஆகிய இனங்களிலும் இந்நஞ்சு கண்டறியப்பட்டுள்ளது. விரைந்து ஓடவோ திறம்படத் தாவவோ இயலாத இவ்விலங்குகள் பட்டப்பகலில் வெளிப்படையாக நடமாடுவதற்கு இந்நஞ்சு துணைபுரிகின்றது. பழுப்பு நிறத் தெள்ளுத் தேரைகள் இதற்கு மாறாகச் சருகின் நிறத்தில் மறைந்து வாழ்கின்றன.

உணவும் நடத்தையும்

சிற்றுண்ணிகள், வாற்பூச்சிகள், எறும்புகள், பூச்சிகளின் இளம்புழுக்கள் ஆகியவை இவற்றின் உணவாகும். பிராக்கிசெபாலசு தவளைகள் பகலில் இயங்குபவை. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களிலும், மழைக்காலத்திலும் இவை சருகின் மேற்பரப்புக்கு வருகின்றன. வறண்ட நாட்களில் சருகுக்கு அடியிலும், விழுந்து கிடக்கும் மரங்களின் கீழும், வேர்களுக்கு இடையிலும் ஒதுங்கிக்கொள்கின்றன.

இனப்பெருக்கம்

இக்குடும்பத்துத் தவளைகளின் வாழ்க்கையில் தலைப்பிரட்டை என்னும் நிலை இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நிறைவடைந்து, சிறு தவளையாகவே குஞ்சு வெளிவருகின்றது. இது நேரடி வளர்ச்சி எனப்படும். இதனால் முட்டையிடுவதற்கு நீர்நிலை தேவைப்படுவதில்லை.

பி. எபிப்பியம் ஒரு தடவையில் ஏறத்தாழ ஐந்து முட்டைகளே இடுகின்றது. நீரில் முட்டையிடும் பல தவளைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதுடன் இதனை ஒப்பிடலாம். தாயின் உடல் 2 செ.மீ. அளவே இருக்க, ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 5 மி.மீ. குறுக்களவு கொண்டது. குஞ்சு வளர்வதற்குத் தேவையான உணவு முழுவதும் கருவூட்டமாக உள்ளே அடங்கியிருக்க வேண்டும் என்பதால் முட்டையை இதற்கு மேல் சிறிதாக்க இயலாது. முட்டையிட்ட பின்னர், பெண் தவளை தன் கால்களால் அவற்றை ஈரமண்ணில் உருட்டுகின்றது. மண்துகள்கள் ஒட்டிக்கொள்வதால் முட்டைகள் மண்ணுருண்டைகள் போல் மாறிப் பகைவிலங்குகளின் கண்ணில் படாமல் தப்புகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னர் குஞ்சுகள் வெளிவருகின்றன.

மலையுச்சித் தீவுகள்

பரானா, சாண்டா கத்தரினா ஆகிய மாநிலங்களின் மலைகளில் இத்தவளைகளின் பரவல் வியப்பூட்டுவதாக உள்ளது. அங்குள்ள கரத்தூவா முடியில் பி. புருன்னியசு, மரும்பி முடியில் பி. பெரூசினசு, தோர்ரே தா பிராத்தா முடியில் பி. இசெக்சோனி, அஞ்ஞங்காவா மலையில் பி. பெர்னிக்சு எனச் சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளிக்குள்ளேயே வெவ்வேறு இனங்கள் வாழ்கின்றன. இவற்றுள் ஒன்று பழுப்பாகவும், மற்றொன்று துருப்பிடித்த இரும்பின் நிறமாகவும், வேறொன்று கரிய பக்கங்களுடன் கூடிய செம்மஞ்சளாகவும் உள்ளன.

இதற்குக் காலநிலையின் வரலாறு காரணமாகக் கருதப்படுகின்றது. பனியூழிக் காலத்தின் குளிர்ந்த கட்டங்களில் குளிர்க்காடுகள் தாழ்வாகவும் பரவியிருந்தன. பின்னர் வெப்பம் கூடியபொழுது அவை மலைமுடிகளை நோக்கி ஒதுங்கின. அவற்றுடன் தவளைகளும் மேலேறின. இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்குகள் கடலைப் போல் அவற்றைப் பிரித்தன. நடந்து செல்லும் இச்சிறு தவளைகளால் பள்ளத்தாக்கைக் கடக்க இயலாது. எனவே ஒவ்வொரு முடியிலும் தங்கிவிட்ட கூட்டம் தனித்தனியாக மாறி, காலப்போக்கில் தனி இனமாயிற்று. கடல்தீவுகளில் நடைபெறும் இனத்தோற்றத்தை இது ஒத்திருப்பதால் இத்தகைய முடிகள் வான்தீவுகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

இசுக்னோக்னீமா பேரினம்

இப்பேரினத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. இவை பிராக்கிசெபாலசை விடப் பெரியவை. இவற்றின் தோற்றமும் வழக்கமான தவளைகளுடையதே. பெரும்பாலானவை பழுப்பு நிறத்தில் சருகை ஒத்திருக்கும். பல இனங்களுக்குப் பின்கால்கள் நீண்டிருப்பதால் நன்றாகத் தாவ வல்லவை. நேரடி வளர்ச்சி முறை இப்பேரினத்துக்கும் உரியது. ஒரே மூதாதையிலிருந்து தோன்றிய இரு பேரினங்களில் ஒன்று வழக்கமான தவளை உருவைக் காத்துக்கொள்ள, மற்றொன்று மிகவும் சிறுத்துப் போனது, உருச்சிறுத்தலை ஆராய்வோருக்குப் பயனுள்ள ஒப்பீடாக அமைகின்றது.

குறிப்பிடத்தக்க சில இனங்கள்

பி. எபிப்பியம் (1824): பொன்துளித் தேரை. பேரினத்தின் முதல் இனம். முதுகில் சேண வடிவ எலும்புத் தகடு கொண்டது.
பி. நோடோதெர்கா (1920): சாவோ பாவுலோ மாநிலம். நச்சுடையது.
பி. டைடாக்டைலசு (1971): ரியோ டி செனீரோ மாநிலம். தெள்ளுத் தேரைகளுள் முதலில் அறியப்பட்டது.
பி. பெர்னிக்சு (1998): பரானா மாநிலத்தின் அஞ்ஞங்காவா மலை.
பி. புருன்னியசு (2005): பரானா மாநிலத்தின் கரத்தூவா முடி. பழுப்பு நிறம்.
பி. பிட்டாங்கா (2009): சாவோ பாவுலோ மாநிலம். பிட்டாங்கா என்பது துப்பி மொழியில் சிவப்பைக் குறிக்கும்.
பி. புலெக்சு (2011): பாகியா மாநிலம். உலகின் மிகச் சிறிய தவளை.
பி. ரோட்டன்பெர்கே (2021): சாவோ பாவுலோ மாநிலத்தின் மந்திக்கேரா மலைத்தொடர். எலும்பு ஒளிரும் தன்மை உடையது.
பி. டாக்னிசு (2024): சாவோ பாவுலோ மாநிலத்தின் உபதூபா. ஏறத்தாழ 7 மி.மீ. நீளமுடைய தெள்ளுத் தேரை.
பி. லூலாய் (2025): சாண்டா கத்தரினா மாநிலத்தின் செர்ரா தொ கிரிரீ மலை. ஏறத்தாழ 1 செ.மீ. நீளமுடைய செம்மஞ்சள் தவளை. பிரேசில் குடியரசுத் தலைவர் லூலாவின் பெயர் சூட்டப்பட்டது.

அச்சுறுத்தல்கள்

ஐரோப்பியர் வருகைக்குப் பின்னர் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்காகவும், மேய்ச்சல் நிலத்துக்காகவும், பெருநகரங்களுக்காகவும் அட்லாண்டிக் காடுகள் வெட்டப்பட்டன. ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த இக்காட்டில் இன்று எட்டில் ஒரு பங்கு அளவே, அதுவும் துண்டு துண்டாக எஞ்சியுள்ளது. உழவுக்கு ஏற்காத செங்குத்தான மலைகள் ஓரளவு தப்பியதாலேயே குறுந்தலைத் தவளைகளில் பல பிழைத்துள்ளன. எனினும் அங்கும் காட்டுத்தீ, மேய்ச்சல், அயல்நாட்டுப் பைன் மரங்களின் பரவல் ஆகியவை முகிற்காட்டின் ஓரங்களைக் குறைத்து வருகின்றன.

புவி வெப்பமடைதல் இதனினும் பெரிய இடர் ஆகும். வெப்பம் கூடும்பொழுது முகில் திரளும் உயரம் மேலேறும். குளிர்ந்த ஈரக்காடும் மேலே ஒதுங்க வேண்டும். மலைச்சரிவில் வாழும் விலங்கு அதனுடன் மேலேறலாம். மலைமுடியில் வாழும் விலங்குக்கு ஏறுவதற்கு மேலே இடமில்லை.

மூன்றாவது அச்சுறுத்தல் நோய் ஆகும். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையின் வித்துகள் நீரில் நீந்திப் பரவுகின்றன. நீர்நிலையை நாடாத தவளைகள் இதிலிருந்து தப்பிக்கும் என எண்ணுவது இயல்பு. ஆனால் 2017 இல் வெளியான ஆய்வு, நேரடி வளர்ச்சி கொண்ட அட்லாண்டிக் காட்டுத் தவளைகள் இப்பூஞ்சைக்குக் குறைந்த எதிர்ப்பாற்றலே கொண்டுள்ளன என்று காட்டியது. பி. எபிப்பியமும் இவ்வாய்வில் இடம்பெற்றது. நீரில் வாழும் தவளைகளைப் போல் இவை இப்பூஞ்சையை அடிக்கடி எதிர்கொண்டு பழகாதது இதற்குக் காரணமாகலாம்.

பாதுகாப்பு

1937 இல் நிறுவப்பட்ட இத்தத்தியாயா தேசியப் பூங்கா, 1939 இல் நிறுவப்பட்ட செர்ரா தொசு ஓர்கவோசு தேசியப் பூங்கா, சாவோ பாவுலோவில் 1977 இல் அமைக்கப்பட்ட செர்ரா தொ மார் மாநிலப் பூங்கா ஆகியவை அட்லாண்டிக் மலைக்காடுகளின் பெரும் பகுதிகளைக் காத்து வருகின்றன. 1999 இல் தென்கிழக்கு அட்லாண்டிக் காட்டுக் காப்பகங்களை யுனெசுக்கோ உலக மரபுரிமைக் களமாக அறிவித்தது. 2006 இல் பிரேசில் அரசு அட்லாண்டிக் காட்டில் எஞ்சிய பகுதிகளைக் காப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. செர்ரா பொனீத்தாவில் பி. புலெக்சு வாழும் காடு தனியாரால் பேணப்படும் காப்பகமாக உள்ளது.

இருப்பினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இப்பேரினத்தின் பல இனங்கள் "தரவு போதாதவை" என்னும் பிரிவிலேயே உள்ளன. ஓர் இனத்தின் எண்ணிக்கை கூடுகின்றதா, குறைகின்றதா என்று கூறுவதற்கு அதன் மலையில் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுப்பு நடைபெற வேண்டும். விரல் நகத்தினும் சிறிய தவளையைச் சருகைப் புரட்டித் தேடுவது எளிதன்று. 1998 இற்குப் பின்னர் இத்தனை இனங்கள் வெளிப்பட்டிருப்பது, இன்னும் ஆராயப்படாத முடிகளில் வேறு இனங்களும் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது. முன்னரே காடழிக்கப்பட்ட மலைகளில் பெயரிடப்படாமலேயே சில இனங்கள் மறைந்திருக்கவும் கூடும். ஒரு பெரிய வனப்பூங்காவைக் காப்பது போலவே, சில சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு மலைமுடியைக் காப்பதும் இக்குடும்பத்தைப் பொறுத்தவரை ஓர் இனத்தை முழுமையாகக் காப்பதாகும்.